கழிவு ரகம்

மேகம் இறங்கிய நாளில்
என் போனுக்கு மூன்று சதவீதம்.
ஸ்வெட்டருக்குள் கால் மணி நேரம் வைத்தால்
பத்தொன்பது ஆகும்.
சார்ஜர் இல்லை, கரண்ட் இல்லை,
என் சூடுதான்.

கேமராக் கண்ணாடிக்குள் போன ஜூலையில் புகுந்த மூட்டம்
வெளியே வரவில்லை.
மே மாத வெயிலில் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தை எடுத்தேன்.
எல்லார் முகத்திலும் மழைக்காலம்.
அரிசியில் புதைத்து வை என்றார்கள்.
இரண்டு நாள் வைத்தேன்.
மூன்றாம் நாள் அந்த அரிசியை வடித்துத் தின்றோம்,
மூட்டம் அப்படியே.
பவர் பட்டன் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தது.

கேத்தி பாலாடாவில் வேலை முடித்து
முழங்கால் பூட்ஸோடு பஸ் ஏறினேன்.
ஊட்டி மெயின் பஜார்,
'பழசைக் கொடுங்க, புதுசோட போங்க'.
சட்டையில் தஸ்தகீர் என்று பெயர் குத்திய பையன்
போனை வாங்கினான்.
முன்பக்கம், பின்பக்கம், ஓரம்.
இரண்டே விநாடி.

எனக்குத் தெரியும் அந்தத் திருப்பல்.
ராத்திரியெல்லாம் நான் செய்வது அதுதான்.
கழுவி வரும் கேரட்டை ஒரு புரட்டு.
நல்லது மேட்டுப்பாளையம் லாரிக்கு,
சுமார் ஓட்டலுக்கு,
வெடித்தது, கால் முளைத்தது கழிவு.
எந்தக் கேரட்டும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஆயிரத்து எண்ணூறு என்றான்.
பின்மூடி விரிசலுக்கு நானூறு போயிற்று.
கேமராவைத் திறந்து என்னைப் பார்த்தான்,
இன்னொரு அறுநூறு போயிற்று.
"லாக்கை எடுங்கக்கா, எல்லாம் அழிச்சுட்டுத்தான் வாங்கணும்."

கட்டைவிரலை வைத்தேன். பொருந்தவில்லை.
எட்டு மணி நேரம் தண்ணீரில் ஊறி
மண்ணில் தேய்ந்த விரல்.
அவனே பிடித்துத் தன் சட்டையில் துடைத்து வைத்தான்.
பொருந்தவில்லை.
ஐந்தாவது தடவைக்குப் பிறகு
முப்பது விநாடி பொறுக்கச் சொன்னது போன்.
ஆதார் கார்டை நீட்டினேன்.
"அதுக்கு ஆதார் எல்லாம் தெரியாதுக்கா."

நம்பர் போட்டுத் தந்தது திருப்பூரிலிருக்கும் அக்கா மகன்.
"உங்க பிறந்த வருஷம்தான் சித்தி."
எனக்கு இரண்டு பிறந்த வருஷம்.
மண்டபம் முகாமில் எழுதிக் கொடுத்தது ஒன்று,
அம்மா சொன்னது ஒன்று.
இரண்டையும் போட்டுப் பார்த்தோம்.

"லாக் இருந்தா பார்ட்ஸ் ரேட்தான். இருநூறு."

பதினாறு வருஷம் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியவள் நான்.
கழிவும் சும்மா போகாது,
குதிரைக்காரன் வருவான், ஜூஸ் கடைக்காரன்
விடியுமுன் மூட்டை தூக்குவான்.
"இது எங்க போகும் தம்பி?"
"கோயம்புத்தூர்."
"அங்க எதை எதைக் கழட்டுவாங்க?"
யோசிக்காமல் சொல்லத் தொடங்கினான்,
ஸ்பீக்கர், போர்டு, சார்ஜ் போடும் வாய்.
நான் விரல் மடக்கி எண்ணினேன்.
முன்னூற்று எண்பதுக்கு முடிந்தது.
மிச்சம் தவணை.

அன்றிரவு, தொட்டியருகே,
புதுப் போனில் காய்ந்த விரலை ஒரு தடவை பதிந்தேன்,
தண்ணீரில் முக்கி எடுத்து
இன்னொரு தடவை.
பெயர் கேட்டது.
யோகராணி. யோகராணி ஈரம்.

ஒன்றே முக்காலுக்கு அழைப்பு.
எடுக்கிற பொத்தானை ஈர விரல் நகர்த்தவில்லை,
மூக்கால் தள்ளினேன்.
"அக்கா, தஸ்தகீர். கடை மாடியில படுத்திருக்கேன்.
ஒரு மணி நேரமா உங்க அலாரம் அடிக்குது,
நிக்கவே மாட்டேங்குது.
சார்ஜ் போட்டு வச்சது தப்பாப் போச்சு."

"கண்ணாடி குளிர்ந்திருக்கும். வாய வச்சு ஊது."

ஊதினான். எனக்குக் கேட்டது.

"இன்னும். பனியன்ல துடை. சூடு ஏறினதும் தள்ளு."

சத்தம் நின்றது.
மெஷினில் கேரட் உருளும் ஓசை மட்டும்.

"எந்தப் பக்கம் தள்ளின?"
"இடது."
"இடதா?
அது பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்ப அடிக்கும் தம்பி,
முழிச்சே இரு."