ஜிகினா

அக்காவுக்குப் பதினாறு வயது.
என் முகத்துக்குப் பன்னிரண்டு.
முகத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு:
மாலை ஐந்துக்கு மேல் அது என்னுடையதில்லை.

அடுப்பில் கரி அள்ளிப் போட்டுவிட்டுக்
கூடாரத்தின் நடுவில் என்னை உட்காரவைப்பாள் குலான்.
"தூணில் சாயாதே, வீட்டுக்கு ஆகாது.
கண் சிமிட்டாதே, எனக்கு ஆகாது."

மாவு மூட்டைமேல் செல்போன்.
அதற்குள் சியோல் நகரத்து ஒருத்தி
இமைமேல் கோடிழுக்கச் சொல்லித்தருகிறாள்.
வலது கண் முடியும்போது டேட்டா தீர்ந்துவிடும்.
ஆகவே
என் வலது கண் கொரியாவைச் சேர்ந்தது.
இடது கண்
உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
பெயரில்லாத எங்கள் தெருவில்
அவளே கண்டுபிடித்தது.

ஒருநாள் பாதி வேலையில்
தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னாள்.
முகத்தை மறந்து ஓடினேன்.
கடைக்காரி ஓயூன்
சில்லறை எண்ணியபடியே சொன்னாள்:
"இடது கண்தான் நன்றாயிருக்கிறது. அக்காவிடம் சொல்."
சொல்லவில்லை.
ஏற்கெனவே அவளுக்குத் தலைக்கனம்.

பச்சைப் பவுடர் சந்தையில்
உடைந்து கிடந்ததால் பாதி விலைக்கு வந்தது.
அப்பாவின் வோட்காவில் குழைத்து
கரண்டியின் முதுகால் அழுத்தி
அடுப்போரம் காயவைத்தாள்.
புட்டியில் இரண்டு விரல் குறைந்ததை
அவர் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் என் இமையை முகர்ந்து பார்த்தார்,
அவ்வளவுதான்.

தூரிகை, மாமா வீட்டு வெள்ளாட்டின் தாடி.
கறுப்பு, புகைக்குழாயின் உள்பக்கம்.
அப்பாவின் லாரியில் போர்த்திய நீலத் தார்ப்பாய்
கிழிந்த அன்று அவளுக்குத் திருவிழா:
தோளில் மடிப்பு, இடுப்பில் சுருக்கம்,
நடந்தால் கடல்போலச் சத்தம் போடும் அங்கி.
கடலை நாங்கள் பார்த்ததில்லை.

கலைப்பள்ளிக்கு மூன்று முகம் தீட்டி
படமெடுத்து அனுப்ப வேண்டுமாம்.
மூன்றும் நான்தான்.
ஓநாய்.
கல்யாணப்பெண்.
மூன்றாவதற்குப் பெயர் ஜனவரி:
மூக்கடியில் தொடங்கிக்
கன்னம் நெற்றி காதென்று சாம்பல் ஏறி
கண் இரண்டு மட்டும் மிச்சமிருக்கும்.
"நன்றாகத்தான் இருக்கிறது, துடைத்துவிடு" என்றாள் அம்மா.
அன்றிரவு என் இருமலை
எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள்.

வம்பில் மாட்டிவிட்டது
கல்யாணப்பெண்ணுக்குப் பூசிய ஜிகினா.
தெருக்குழாய் உறைந்துபோன வாரம் அது.
பனியை அள்ளித் தேய்த்தேன், போகவில்லை.
மறுநாள் மல்யுத்த வகுப்பு.
பத்சோரிக் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு
கழுகுபோலக் கைவிரித்து ஆடினான்,
வென்றவன் கன்னத்தில் நட்சத்திரம்.
அவனைச் சாய்த்த தோர்ஜ்பாலத்தின் காதில் இரண்டு.
தோர்ஜ்பாலத்தைத் தட்டிக்கொடுத்த
பயிற்சியாளரின் தொப்பியில் எத்தனையோ.
"யார் வேலை இது?"
உறுமினார், மின்னிக்கொண்டே.
பதினான்கு பையன்கள்
கூரையைப் பார்த்தோம்.

பள்ளியிலிருந்து இன்னும் பதில் இல்லை.
நேற்று தண்ணீர் பிடிக்க
இரண்டு கேன்களை வண்டியில் வைத்துத் தள்ளிப்போய்
வரிசையில் நின்றோம்.
மைனஸ் முப்பத்தொன்று.
தார்ப்பாய் அங்கிக்குள் மூன்று ஸ்வெட்டர்.
மூச்சு மேலேறி
அக்காவின் இமைமயிரில் ஒவ்வொன்றாய்
வெள்ளை கட்டியது.
போனை எடுத்து முகம் பார்த்தாள்.
முன்னால் நகரச் சொன்னார்கள், நகரவில்லை.
"தெமூலென், இந்த வெள்ளையை
எதை வைத்துடா கொண்டுவருவது?"
மாவு என்றேன்.
உப்பு என்றேன்.
வரிசை எங்களைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்ததும்
அவள் கூப்பிடும் முன்பே
நடுவில் போய் உட்கார்ந்தேன்,
தூணில் சாயாமல்.