எட்டும் நூறு சதவீதம்

ஔலு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
திரையில் எட்டுப் பட்டைகள்,
பூஜ்ஜியம் முதல் ஏழு வரை,
எட்டும் நூறு சதவீதம்.
பார்ப்பவர்கள் நினைப்பார்கள்,
என்னமாய் உழைக்கின்றன என்று.

இழப்பு எண் மட்டும் நகரவில்லை.
இரண்டு புள்ளி ஒன்று நான்கு.
எத்தனை முறை தொடங்கினாலும்
இதே இடத்தில்.

இந்த அட்டைகளுக்குக் காத்திருப்பதும் வேலைதான்.
வந்தாயா வந்தாயா என்று
ஓயாமல் கேட்டுக் கேட்டுச் சூடாகின்றன.
விசிறிகள் அலறுகின்றன.
சரியாக முப்பது நிமிடம்.
பிறகு ஒரு சிவப்பு வரி,
எட்டும் ஒன்றாகச் சாவு.

முதலில் கம்பியைச் சந்தேகித்தேன்.
கம்பிக்குத்தான் வாய் இல்லையே.
அட்டைக்கு அட்டை நேர்ப்பேச்சை நிறுத்தினேன்;
நினைவகத்தைச் சுற்றிக்கொண்டு
நத்தையாய் ஊர்ந்து
அதே இடத்தில் வந்து நின்றன.
பகிர்நினைவைப் பெருக்கினேன்.
வாய் திற என்று பதிவேட்டை அதட்டினேன்:
நாற்பதாயிரம் வரி கொட்டிற்று,
ஒன்றும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒஸ்மோவை அழைத்தேன்.
புதுக் கம்பியோடு வருகிறேன் என்றார்,
பனியில், சைக்கிளில்.
பி வாசலில் நின்றேன்
இருபது நிமிடம், மைனஸ் இருபத்தாறில்.
மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டுப் போன் செய்தால்,
"டி வாசலில்தானே நிற்கிறேன் இர்மேலி,
நீதான் வரவில்லை" என்கிறார்,
பல் கிட்டிக் கிட்டி.

கம்பியை வாங்காமலே மேலே ஓடினேன்.

ஏழு பேர் நிற்பது
இரண்டாயிரத்து ஒன்றாம் கூட்டலில்.
பூஜ்ஜியம் நிற்பது
வேறொரு தடுப்பில், தனியாக.
"நீ பூஜ்ஜியமானால் மட்டும் சேமி"
என்றொரு வரி.
அந்தச் சேமிப்பறைக்குள்ளே
எட்டுப் பேரும் தள்ளினால்தான் திறக்கும் கதவு.
ஏழுக்குத் தெரியாது கூட்டம் இருப்பது.
பூஜ்ஜியத்துக்குத் தெரியாது
அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது.
இரண்டு பக்கமும் பொறுமை,
இரண்டு பக்கமும் நூறு சதவீதம்.

எழுதியது யார் என்று பார்த்தேன்.
செப்டம்பர் ஒன்பது, இரவு பதினொன்று ஐம்பது.
நான்தான்.
அப்போது என்னிடம் ஒரே ஓர் அட்டை.
ஒற்றையாய் இருப்பவருக்கு
எந்தக் கதவும் உடனே திறந்துவிடும்.

தடுப்பை இடப்பக்கம் நகர்த்தினேன்,
நான்கு வெற்றிடம். அவ்வளவுதான்.

இரண்டு புள்ளி ஒன்று மூன்று.
இரண்டு புள்ளி ஒன்று ஒன்று.
இரண்டு புள்ளி பூஜ்ஜியம் எட்டு

வரை பார்த்த பிறகுதான் உறைத்தது,
ஒஸ்மோ இன்னும் டி வாசலில்.