சாவி

கார்ப்பாத்திய மலையடியில்
காரை நிறுத்தியபோது மணி ஐந்தரை.
இலிங்காவுக்குக் கால். கோஸ்மினுக்குச் சைக்கிள்.
மேலே குடிலில் சூப்;
தோற்றவர் காசு.

பீச் மரங்கள் வரை அவன்தான் முன்னால்.
அப்புறம் சேறு.
அப்புறம் வேர்கள்.
அப்புறம் சைக்கிள் அவன் தோளில் ஏறிக்கொண்டது;
கல்லுக்குக் கல்
மணி தானாகக் கிணுங்க,
மேல்வளைவில் நின்று
அவள் சிரிப்பது கேட்டது.

குடிலில் அவனுடைய சூப் ஆறியிருந்தது.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
பேசாமல் இறக்கத்தில் விட்டான்:
பதினோரே நிமிடம்,
பிரேக் கருகும் வாசம்,
காற்று பிழிந்த கண்ணீர்.

கார் பூட்டியிருக்கிறது.
சாவி அவள் பையில்.

வியர்வை காய்ந்து குளிராகும்வரை
பம்பரில் உட்கார்ந்து
மலையைப் பார்த்தான்.
காலையிலிருந்து பார்க்கவேயில்லை அதை.
வெகு உயரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
அவள் தொப்பியா,
காட்டுப் பழக்கொத்தா,

அசைகிறது.