கொருக்குப்பேட்டை கேட்

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.
பதினொன்று நாற்பதுக்குப் படியேறி
"கேட் போட்டுட்டாங்க சார்" என்றாள்.
எந்தக் கேட் என்று ஒரு கணம் குழம்பினேன்.
என் தொழிலில் கேட் என்றால் பரீட்சை,
அவள் தெருவில் கூட்ஸ் வண்டி.
நேரந்தவறாமைக்கு எதிரே ஒரு கோடு இழுத்தேன்,
பென்சிலால்தான்.

எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடைக்கு மேலே என் அறை.
ஐந்நூறு ரூபாய்க்கு
எந்த பிசினஸ் ஸ்கூலில் யாருக்கு இடம் கிடைக்கும் என்று சொல்வேன்.
கிளி ஜோசியம் மாடிக்குப் போயிடுச்சு என்பார் கீழ்க்கடைக்காரர்.
நான் மறுத்ததில்லை.
கிளிக்கு வாடகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ர. சுகிர்தா. இருபத்தாறு முடிந்து ஏழு.
பத்தாவதில் தொண்ணூற்றொன்று.
பன்னிரண்டில் அறுபத்தெட்டு.
பி.காம்., மாலைக் கல்லூரி.
மணலி கன்டெய்னர் யார்டில் ஐந்து வருடம்.
பர்சன்டைல் தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு.

அறுபத்தெட்டு ஏன் என்றேன்.
அங்கேயும் கேட்பார்கள்,
தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து.
"அந்த டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு சார்.
அக்கவுன்டன்சி புக்கு காயவே இல்ல.
ஒட்டிக்கினு இருந்த பக்கத்தப் பிரிச்சா
பேலன்ஸ் ஷீட்டு ரெண்டா கிழியுது.
சொத்து என் கையில,
கடன் புக்குலயே தங்கிடுச்சு."
சிரித்தாள்.
எக்செல்லில் தண்ணீருக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று
வலதுபக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

தலைமை தாங்கிய அனுபவம்?
இல்ல சார்.
யார்டில் என்ன வேலை?
டோக்கன் எழுதுவது.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் நிற்கும்;
டிரைவர்கள் பதினாலு மணி நேரம்
ஸ்டீயரிங்கிலேயே தலை வைத்துக் கிடப்பார்கள்.
ஒரு ராத்திரி, காலி வண்டிக்கு மஞ்சள், லோடு வண்டிக்கு வெள்ளை என்று
டோக்கனைப் பிரித்துவிட்டாள்.
யாரிடமும் கேட்கவில்லை.
இப்போது ஆறு மணி நேரம்தான்.
"குளிக்கப் போறாங்க சார் இப்பல்லாம்."

இதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை?
"அது வேலைதானே."

போன வாரம் வந்த பையன்
அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவுக்கு அட்மின் ஆனதை
இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.
நான்தான் அதைச் செப்பனிட்டேன். நன்றாகவும் வந்தது.

கணக்குப் போட்டேன்.
அகமதாபாத்தை நான்கிலேயே நிறுத்தியது பன்னிரண்டாம் வகுப்பு.
கல்கத்தா இன்னும் மோசம்.
ஐந்தில் ஏதாவது ஒன்று கிடைக்க, பதினெட்டு.
மஞ்சள் டோக்கனைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.
முப்பத்தொன்று.
அதற்கு மேல் ஏற்ற எனக்கு மனம் இருந்தது,
முகம் இல்லை.
மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றவன் நான்;
அன்று எனக்கு யாரும் எண் சொல்லவில்லை.

"முப்பத்தொண்ணா?"
ஜன்னலைப் பார்த்து யோசித்தாள்.
"எங்க கேட்டு ஒரு நாள்ல தெறந்திருக்கறதே
அவ்ளோதான் சார் இருக்கும்.
அதுலதான் மொத்த ஏரியாவும் வேலைக்குப் போய்ட்டு வருது."

பிறகு என் பேனாவை வாங்கி
பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள்.
நிச்சயம் கிடைக்கும் என்று நான் கடைசியாகச் சேர்த்தது அது.
"ஈசியா சேத்துக்கறவங்கதான் சார் ஃபீஸு ஜாஸ்தி."

ரசீது கேட்டாள்.
செலவு நோட்டில் ஒட்ட வேண்டுமாம்.
ரசீதுப் புத்தகம் தீர்ந்து மாதமாகிறது,
இதுவரை யாரும் கேட்டதில்லை.
முப்பத்தொன்று அச்சான தாளின் பின்பக்கம்
ஐந்நூறு பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
தேதியைத் தப்பாகப் போட்டிருந்தேன்.
அவள்தான் திருத்தினாள்.