மூடிகள்

ஆதார் அட்டைகளைப் பெரிசு பண்ணி
ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தேன், முக்கூடல் கடைத்தெருவில்.
"லோனாக்கா?" என்றான் பையன்.
பிள்ளை விளையாட என்றால் நம்பவா போகிறான்.
ஆமா என்றேன்.

பீடிக் கத்தரியை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி
முகங்களை வட்டமாக வெட்ட உட்கார்ந்தேன்.
இலை வெட்டிப் பழகிய கை
தன்னால் சதுரத்துக்கே போகிறது.
அவருடைய இடது காது அப்படித்தான் போனது.

ஊறுகாய் பாட்டில் மூடியில் நான்.
சத்துமாவு டப்பா மூடியில் காதில்லாத மாசானம்.
தேங்காயெண்ணெய் டின் மூடி திருப்பூர் அத்தைக்கு.
மாமனாருக்கு, கௌரவம் பார்ப்பவர் என்பதால், ஹார்லிக்ஸ்.
ஒவ்வொன்றையும் என் வாயில் வைத்துப் பார்த்தேன்,
தொண்டைக்குள் இறங்குமா என்று.
மாமனார் வாய்க்குள்ளேயே நுழையவில்லை.

ஆதாரில் எல்லாருமே
கோழி களவாண்டு அகப்பட்டவர்கள் போலிருந்தோம்.
இருக்கட்டும்.

பாப்பாவுக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை.
அவள் இடத்துக்கு எங்கள் கல்யாண சிடி.
இப்போது எந்தப் பெட்டியிலும் ஓடாது;
அதில் மாப்பிள்ளைத் தோழன் யாரென்று
வீட்டில் யாரும் பேசுவதுமில்லை.
ஓரத்தில் துணி சுற்றித் தைத்து
பளபளக்கிற பக்கத்தைக் காட்டினேன்.
நடு ஓட்டையில் மூக்கு விழுந்துவிட
சுற்றிலும் கன்னம்.
"பாப்பா" என்றாள்.
விரலை ஓட்டைக்குள் விட்டு
என்னை அந்தப் பக்கம் வந்து தொட்டாள்.

செருப்பு அட்டைப்பெட்டிதான் வீடு.
கூப்பிடக் கூப்பிட உள்ளே போவோம்.
ப்பா. ம்மா.
அத்தையும் த்தா, தாத்தாவும் த்தா;
அத்தைக்கு ஒரு தட்டு, தாத்தாவுக்கு இரண்டு தட்டு என்று
அவளாக ஒரு வழி வைத்துக்கொண்டாள்.

கொழுந்தனுக்கு நான் மூடி எடுக்கவில்லை.
கிணற்று மோட்டாரில் ஆரம்பித்தது,
அம்பாசமுத்திரம் கோர்ட்டில் கிடக்கிறது.
முற்றத்தின் குறுக்கே ஏழு வரிசை ஹாலோபிளாக்,
இரண்டு பக்கமும் பூசவில்லை.
அவள் பிறக்கும்போதே இருந்தது.
அவளுக்கு அது வெறும் சுவர்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
முகம் ஒட்டாத நீல மூடி ஒன்றை
எங்கிருந்தோ பொறுக்கி வந்து
பெட்டிக்குள் போட்டாள்.
"யாரு இது?"
"டுர்ர்ர்."
எடுத்து வெளியே வைத்தேன்.
திரும்பப் போட்டாள். "டுர்ர்ர்."

அப்புறம்தான் கவனித்தேன்.
விடியக்காலம் பால் கேன் கட்டிய எக்ஸெல்
அந்தப் பக்கம் உறுமும்போது
இவளுக்கு இட்லி வாயிலேயே நிற்கும்.
ஏழாம் வரிசைக்கு மேலே
ஐந்து விரல் எழும்பி, ஆடி, மறையும்.
எத்தனை நாளாகவோ.

நான் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல.

பாப்பாக்குடி டிரிப் முடிந்து
மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தவர்
மூன்று மணிக்குச் சோற்றில் கை வைத்தார்.
மடியில் வந்து விழுந்த நீல மூடியைப் புரட்டி
"இது ஆரு?" என்றார்.
அவள் சுவரைக் காட்டிச் சொன்னாள்.

கை காய உட்கார்ந்திருந்தார்.
அவள் சிடியைத் தூக்கிக்கொண்டு
முற்றத்துக்கு நடந்தாள்.
வெயில் அதில் பட்டு
நிறம் நிறமாய் ஹாலோபிளாக்கில் வழுக்கி ஏறி
மேல் வரிசையைத் தாண்டி அங்கே விழுந்தது.
சாயங்காலப் பாலுக்குக் கிளம்பிய வண்டி
அணைந்தது.
கொஞ்ச நேரம் காக்கைச் சத்தம் மட்டும்.
பிறகு சுவருக்கு அப்பால், வாயால்,
முப்பத்தாறு வயசு ஆம்பிளை ஒருவன்
"டுர்ர்ர்" என்றான்.

மாசானம் எழுந்து கை கழுவினார்.
பீரோ மேலிருந்து கேஸ் கட்டை இறக்கினார்.
கூட்டுப்பட்டா நகல், வக்கீல் நோட்டீஸ்,
அதற்கும் அடியில் பிரதிவாதியின் ஆதார்:
சொரிமுத்து. தகப்பனார் பெயர் இவருக்குள்ளதே.
என் முன்னால் வைத்தார். கத்தரியையும் வைத்தார்.

"பசை தீந்துட்டு" என்றேன்.

"சோத்துப் பருக்கை இருக்குல்லா.
காதைப் பாத்து வெட்டு."