முழுக்கை

மார்ச் வெயிலில் வெள்ளவத்தையே உருகியது,
யதுர்ஷிக்கு மட்டும் முழுக்கை.
"குளிருது மிஸ்" என்றாள்.
வகுப்பு சிரித்தது. நானும்.

கணிதத்தில் தொண்ணூற்றாறு எடுத்தவள்.
மிச்ச நாலு எங்கே என்றாராம் அப்பா,
சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.
அழுதால் படிக்கிற நேரம் வீணாகுமே,
அழவில்லை.

ரியூசன் விட்டு
மரைன் டிரைவ் கட்டில் இருந்தோம்.
உப்புக் காற்று. விரலில் இஸ்ஸோ வடை எண்ணெய்.
"எல்லாரிலயும் வாற கோவம்
எங்கயும் போகத் தெரியாமல்
என்னட்டயே திரும்பி வருதடி."
அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

ஏன் என்று கேட்கவில்லை.
சட்டையை விலக்கிப் பார்க்கவுமில்லை.
அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.
"நாளைக்குக் கவுன்சிலிங் மிஸ்ஸிட்டப் போவமா? நானும் வாறன்."

தலையாட்டவில்லை அவள்.
இறால் வாலைக் காகத்துக்கு எறிந்துவிட்டு
"எத்தினை மணிக்கு?" என்றாள்.