நாற்பது பாகை

டெஸ்ட் நடக்கிற ஐந்து நாளும்
இரவு எட்டரைக்கு வான் வரும்,
நொட்டிங்ஹாமில், கால்வாய்க்குப் பின்னால், எங்கள் சலவைக்கூடத்துக்கு.
ஹோட்டல் விரிப்புகளுக்கு மேலே
இரண்டு அணிகளின் வெள்ளை உடுப்பு, இரண்டு நீலப் பைகளில்.
விடிய ஆறுக்குள் தோய்த்து, காயவைத்து, மடித்துவிட வேண்டும்.

வான் ஓட்டுகிற டெல்ராய்
பையை இறக்குமுன் எண்களை இறக்குவார்.
"இரண்டு பேருக்கும் இருபத்தொரு வயது. ஆறு இன்னிங்ஸ்.
எங்கள் செயின்ட்ஹில்
நூற்று நாற்பத்திரண்டு, முட்டை, மூன்று, முட்டை, எண்பத்தெட்டு, ஏழு.
உங்கள் ஆல்டர்விக்
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துநான்கு,
முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று.
கூட்டிப் பார், நிலோஜினி."

ரசீதின் பின்பக்கத்தில் கூட்டினேன்.
இருநூற்று நாற்பது.
இருநூற்று நாற்பது.
ஆளுக்குச் சராசரி நாற்பது.

உங்கள் என்றாரே, அதைப் பிறகுதான் யோசித்தேன்.
பதினேழு வருடத்தில்
எது என் அணி என்று
குடிவரவு அலுவலகம்கூடக் கேட்டதில்லை.

சராசரி மாணவி என்று
என் தேர்ச்சி அறிக்கையில் எழுதினார் கணக்கு வாத்தியார்.
அம்மா இரண்டு நாள் பேசவில்லை.
இங்கே அந்தச் சொல்லுக்காக
உயிரை விடுகிறார்கள்.

பர்மிந்தர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:
"வீட்டுக் கடனுக்கு மாதச் சம்பளம் வேண்டும், லொட்டரி அல்ல."
"நாற்பதைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றார் டெல்ராய்.

எனக்கு ஆட்டம் தெரியாது.
அழுக்குத் தெரியும்.

வலத் தொடையில் சிவப்பு என்றால் பந்தைத் தேய்த்தவன்.
முழங்கால் பச்சை, விழுந்து தடுத்தவன்.
அக்குளில் உப்புக் கோடு மூன்று வரி இருந்தால்
தேநீர் வேளை தாண்டியும் துடுப்போடு நின்றிருக்கிறான்.
முட்டை வாங்கியவனின் காற்சட்டை
நான் மடித்து அனுப்பிய மடிப்புக் குலையாமல் திரும்பும்.
இந்தக் கூடத்துக்கு வருகிறதிலே
ஆகத் துக்கமான உடுப்பு அது.
அதையும் தோய்ப்பேன்.
தோய்க்காமல் அனுப்பினால், எனக்குத் தெரியும் என்று
அவனுக்குத் தெரிந்துவிடும்.

முதல் இரவு ஆல்டர்விக், நாற்பத்திரண்டு.
சேட்டு நான்காய் மடித்து வந்தது, கடையில் இருப்பதுபோல.
கழுத்துப்பட்டியின் இடது நுனி மட்டும்
பல்லால் கடித்து நூல்நூலாய்.

இரண்டாம் இரவு செயின்ட்ஹில், முட்டை.
ஒரு கை உள்ளே திரும்பியபடி சுருட்டி எறிந்த சேட்டு.
பொக்கெட்டில் இஞ்சி மிட்டாய்த் தாள்.
கழுத்துப்பட்டி புதுசு மாதிரி.
இவன் நன்றாக நித்திரை கொண்டிருப்பான்.

கடித்த நுனியைத் தைத்துக் கொடுத்தேன்.
ஒப்பந்தத்தில் தையல் இல்லை.
நான்காம் இரவு என் தையலும் கடிபட்டு வந்தது,
அவன் துடுப்பையே தொடாத நாளில்.
திரும்பத் தைத்தேன், இம்முறை இரட்டை நூலில்.

ஐந்தாம் இரவு டெல்ராயிடம் வாயைத் திறக்காதே என்றேன்.
பைகளை நானே அவிழ்த்தேன்.
செயின்ட்ஹில்லின் இரண்டு முழங்காலும் பச்சை,
முழங்கையில் இரத்தம், நெஞ்சில் மண்.
ஆல்டர்விக்கின் காற்சட்டை
மடிப்புக் குலையவில்லை.

"முதல் பந்து," என்றார், பொறுக்கமுடியாமல்.
"பாய்ந்து பிடித்தது எங்கள் பையன்."

கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்தேன்.
என் தையல் அப்படியே இருந்தது.
கடிக்க நேரம் கிடைக்கவில்லையோ,
கடிக்க இனி ஒன்றும் இல்லையென்று ஆயிற்றோ.

டெல்ராய் ரசீதில் புதுச் சராசரி போடத் தொடங்கினார்.
நான் இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன்.
மூன்றாம் மெசின் பழுது.
இரண்டு அணியையும் கலக்கக் கூடாது என்பது விதி.
கலந்தேன்.
நாற்பது பாகை, ஒரு மணி பத்து நிமிடம்.

கதவைத் திறந்தபோது
கால்களும் கைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு
ஒரே ஈர வெள்ளை.
உள்பக்கம் தைத்திருந்த எண்ணைப் பார்த்துத்தான்
பிரிக்க வேண்டியிருந்தது.